முதலில் அவர்கள் சொல்லட்டும்: தொடக்கப் பள்ளியில் அறிவியல் செயல்பாடுகளைத் திட்டமிடுவது பற்றி

நீங்கள் கேட்டது இது: தொடக்கப் பள்ளியில் 1 முதல் 5 வரை எல்லா வகுப்புக்கும் வாரம் ஒரு அறிவியல் செயல்பாடு நடத்தும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. ஆய்வகம் கிடையாது, ஒரு வகுப்பில் 35 பிள்ளைகள், கையில் இருப்பது 40 நிமிடம். தேடினால் நூற்றுக்கணக்கான செய்முறைகள் வந்து விழுகின்றன, அதில் எதை எடுப்பது, பிள்ளைகள் ஆர்வமாக உட்கார எப்படித் திட்டமிடுவது?

நான் பல வருடங்களாக இதே வயதுப் பிள்ளைகளோடுதான் அறிவியல் செய்துவருகிறேன், அதனால் செய்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன். செயல்பாட்டைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். இதைச் செய்வதற்கு முன்னால் ஒரு பிள்ளை "இப்படித்தான் ஆகும்" என்று துணிந்து ஒரு ஊகத்தைச் சொல்ல முடியுமா, செய்து முடித்த பிறகு அந்த ஊகம் நின்றதா விழுந்ததா என்று தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ள முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் மலிவா, நுரை பொங்குமா, நிறம் மாறுமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

எல்லோரும் செய்யும் அந்த எரிமலையையே எடுத்துக்கொள்வோம். சமையல் சோடாவில் வினிகரை ஊற்றி, சிவப்புச் சாயம் கலந்து பொங்க வைப்பது. பிள்ளைகள் கூச்சலிட்டு மகிழ்வார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே அவர்கள் ஊகிப்பதற்கு ஒன்றுமே இல்லை, பொங்கப் போகிறது என்பது முன்பே எல்லோருக்கும் தெரியும். போதாததற்கு, உண்மையான எரிமலையும் இப்படித்தான் வெடிக்கிறது என்ற எண்ணம் மனதில் ஒட்டிக்கொள்கிறது. அங்கே நடப்பது வேறு: உருகிய பாறைக் குழம்பு, அதற்குள் கரைந்திருக்கும் வாயுக்கள் அழுத்தம் குறையும்போது பிரிந்து விரிவதால் மேலே தள்ளப்படுகிறது. சரி, அதே சோடாவையும் வினிகரையும் வைத்துக்கொண்டு நல்ல செயல்பாடு செய்ய முடியாதா என்றால், தாராளமாக முடியும். 3 பாட்டில்களில் 100 மி.லி. வினிகர் ஊற்றுங்கள். 3 பலூன்களில் முறையே 1, 2, 3 தேக்கரண்டி சோடாவைப் போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு பாட்டில் வாயில் மாட்டுங்கள். பலூன்களை நிமிர்த்தி சோடாவைக் கொட்டுவதற்கு முன் கேளுங்கள்: எது எவ்வளவு பெரிதாகும்? பெரும்பாலான பிள்ளைகள் படிக்கட்டு மாதிரி, சின்னது, நடுத்தரம், பெரியது என்றுதான் சொல்வார்கள். கொட்டிப் பார்த்தால் இரண்டாவதும் மூன்றாவதும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும், மூன்றாவது பாட்டிலின் அடியில் வெள்ளையாகச் சோடா மிச்சம் கிடக்கும். "வினிகர் தீர்ந்துபோச்சு சார்" என்று யாராவது ஒரு பிள்ளை கத்தும். அந்த வாக்கியத்துக்காகத்தான் மொத்த வகுப்பும். எரிமலையில் அது கிடைக்காது.

நான் அடிக்கடி எடுக்கும், எடுக்க அலுக்காத ஒரு செயல்பாட்டைக் கிட்டே போய்க் காட்டுகிறேன். ஒரே அளவுள்ள இரண்டு ஐஸ் கட்டிகள். இரண்டையும் தனித்தனியே சின்ன பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் கட்டிவிட வேண்டும், துணி நனைந்தால் முடிவு குழம்பிவிடும். ஒன்றைத் தட்டில் அப்படியே வைக்கிறேன், இன்னொன்றைக் கெட்டியான கம்பளித் துணியில் நான்கைந்து சுற்றுச் சுற்றி வைக்கிறேன். எது முதலில் உருகும்? மூன்றாம் வகுப்பில் கேட்டபோது ஏறக்குறைய எல்லாக் கைகளும் கம்பளிக்குத்தான் தூக்கின. ஒரு பெண் குழந்தை எழுந்து நின்று, "ஸ்வெட்டர் போட்டா சூடா இருக்கும்ல, அப்போ ஐஸுக்கும் சூடாயிடும்" என்றாள். அருமையான வாதம், அந்த வயதில் அதைவிடத் தெளிவாக யாரும் பேச முடியாது. நான் சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை, பலகையில் அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். 25 நிமிடம் கழித்துப் பிரித்தோம். தட்டில் இருந்தது பாதிக்கு மேல் தண்ணீர், கம்பளிக்குள் இருந்தது மூலைகூட மழுங்காமல் உட்கார்ந்திருந்தது. வகுப்பில் சத்தமே இல்லை. அப்புறம் அதே பெண், "அப்போ ஸ்வெட்டர்ல சூடே இல்லையா?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒரு வெப்பமானியைக் கொண்டுபோய், மேசைமேல் காலையிலிருந்து கிடந்த கம்பளிக்குள் சொருகி வைத்தோம், இன்னொன்றை வெறும் மேசையில் வைத்தோம். உள்ளே அதிகம் காட்டும் என்று பாதிப் பேர் இன்னமும் நம்பினார்கள். இரண்டும் ஒரே அளவைக் காட்டின. அதற்கடுத்த வாரம்தான் ஒரு பையன், "சூடு என் உடம்புலதான் இருக்கு, ஸ்வெட்டர் அதைப் போகவிடாம பிடிச்சு வைக்குது, ஐஸுக்கு வெளிச் சூட்டை உள்ள விடல" என்று கோத்துச் சொன்னான். மூன்று வாரம். முதல் நாளே "கம்பளி ஒரு வெப்பக் கடத்தாப் பொருள்" என்று நான் எழுதிப்போட்டிருந்தால் 2 நிமிடத்தில் முடிந்திருக்கும், யாருக்கும் எதுவும் மாறியிருக்காது.

இதிலிருந்து திட்டமிடலுக்கு வருகிறேன். வாரம் ஒரு செயல்பாடு என்றால் வாரம் ஒரு புது விஷயம் என்று அர்த்தமில்லை. 10 வாரத்துக்கு ஒரு வகுப்புக்கு 3 அல்லது 4 கேள்விகள் போதும், ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று வாரம் இழுங்கள். முதல் வாரம் ஊகம் உடைகிறது, இரண்டாம் வாரம் பிள்ளைகளே கேட்ட கேள்வியைச் சோதிக்கிறோம், மூன்றாம் வாரம் சவால் ஒன்று. தலைமை ஆசிரியர் "இன்னும் ஐஸ் கட்டியிலேயே இருக்கிறீர்களா" என்று கேட்டால், பிள்ளைகளின் நோட்டைக் காட்டுங்கள், அதைவிட நல்ல பதில் இல்லை. உங்களுக்கும் இது நல்லது. 5 வகுப்புக்கும் வாராவாரம் புதிதாகத் தயாரிப்பது எந்த ஆசிரியராலும் நீண்ட நாள் செய்யக்கூடிய வேலை அல்ல.

40 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது? கேள்வியை முன்வைக்க 5 நிமிடம், ஊகத்தை எழுத 5 நிமிடம், கைவேலைக்கு 15 முதல் 18 நிமிடம், மிச்சம் முழுக்கப் பேச்சுக்கு. நடைமுறையில் எப்போதும் வெட்டுப்படுவது கடைசிப் பகுதிதான், பொருள்களை எடுத்து வைப்பதற்குள் மணி அடித்துவிடும். அதனால் கைவேலை பாதியில் நின்றாலும் பரவாயில்லை என்று கடைசி 12 நிமிடத்தைக் காப்பாற்றுங்கள். ஐஸ் கட்டி மாதிரி காத்திருக்க வேண்டிய செயல்பாடு என்றால், வகுப்பின் முதல் 5 நிமிடத்திலேயே தொடங்கிவிட்டு, ஊகம் எழுதுவது, படம் வரைவது, ஏன் அப்படி நினைக்கிறோம் என்று பேசுவது எல்லாவற்றையும் காத்திருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஊகத்தை ஒவ்வொரு பிள்ளையும் எழுதியே ஆக வேண்டும், எழுத வராதவர்கள் வரையலாம். பின்னால் அழிக்கக் கூடாது என்பது விதி. தவறான ஊகத்துக்கு மதிப்பெண் குறையாது என்று சொன்னால் மட்டும் போதாது, முதல் சில வாரம் தவறாகிப்போன ஊகங்களின் காரணங்களைத்தான் நான் வாய்விட்டுப் பாராட்டுவேன். இல்லாவிட்டால் பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்த்து ஊகிக்கத் தொடங்கிவிடுவார்கள், மேசைமேல் இருக்கும் பொருளைப் பார்க்க மாட்டார்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தார். ஆசிரியர்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாகச் சுமார் 1 விநாடிதான் காத்திருந்தார்கள், அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்தவரிடம் போனார்கள் அல்லது தாங்களே சொல்லிவிட்டார்கள். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள், பதிலே வராமல் போவது குறைந்தது. செலவே இல்லாத மாற்றம் இது, ஆனால் செய்வது கடினம். 3 விநாடி மௌனம் வகுப்பில் நிற்பவருக்கு 3 நிமிடமாகத் தெரியும். நான் மனதுக்குள் மெதுவாக எண்ணுவேன். சரியான பதில் வந்த பிறகும் எண்ணுவேன், ஏனென்றால் நீங்கள் "சரி" என்று சொன்ன அந்த நொடியிலேயே மற்ற 34 பேரின் யோசனை நின்றுவிடுகிறது. "வேற யாருக்காவது வேற மாதிரி தோணுதா?" என்பதுதான் என் வாயில் அதிகம் வரும் வாக்கியம்.

சின்ன வகுப்புகளுக்கு, அதாவது 1, 2-க்கு, சோதனை வேண்டாம், உற்றுப் பார்த்தல் போதும். எறும்பை எடுங்கள். முதலில் எறும்பைப் பார்க்காமல், நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். 4 கால் வரும், 8 கால் வரும், சிரித்த முகம் வரும், உடம்பு முழுக்கச் சீப்புப் பல் மாதிரி கால்கள் வரும். படங்களைச் சுவரில் ஒட்டிவிட்டு, எத்தனை கால் என்று சண்டை நடக்கவிடுங்கள். அப்புறம் வெளியே கூட்டிப்போய், ஒரு சிட்டிகை சர்க்கரையைத் தாளில் வைத்துவிட்டுக் காத்திருங்கள், ஆளுக்கொரு பூதக்கண்ணாடி இல்லாவிட்டால் இரண்டு பேருக்கு ஒன்று. தொட வேண்டாம், கடிக்கும் வகை இருக்கலாம். இப்போது நீங்கள் கேட்க வேண்டியது "எத்தனை கால்" என்பது மட்டுமில்லை, "கால் எங்கிருந்து கிளம்புகிறது" என்பதுதான். தலை, நடுப்பகுதி, வயிறு என்று 3 பகுதி, 6 காலும் அந்த நடுப்பகுதியிலிருந்து மட்டுமே வருகின்றன. உணர்கொம்பு முழங்கை மாதிரி மடிந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்கும் பிள்ளை மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டு கத்துவதைப் பார்க்க வேண்டும்! திரும்பி வந்து இரண்டாவது படம், முதல் படத்துக்குப் பக்கத்திலேயே. அந்த இரண்டு படமும்தான் மதிப்பீடு, தனியாகத் தேர்வு எதுவும் தேவையில்லை. பெற்றோரிடம் காட்டினால் அவர்களும் உடனே புரிந்துகொள்வார்கள்.

4, 5 வகுப்புகளுக்கு வரும்போது "நியாயமான சோதனை" என்ற எண்ணத்தைக் கொண்டுவர வேண்டும், அதாவது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. வரையறை சொல்லித் தொடங்காதீர்கள். ஓட்டப்பந்தயத்தில் ஒருவன் 5 அடி முன்னால் நின்று தொடங்கினால் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள், "போங்கு" என்று வகுப்பே சொல்லும். நியாயம் அவர்களுக்கு ஏற்கனவே தெரியும், அதை நூலுக்கும் கல்லுக்கும் கொண்டுவந்தால் போதும். இதற்கு ஊசலைவிட நல்ல கருவி எனக்குக் கிடைத்ததில்லை. ஒரு நூல், நுனியில் ஒரு எடை. ஆட்டத்தை வேகமாக்க என்ன செய்யலாம்? கனமாக்கலாம், அதிகமாக இழுத்து விடலாம், நூலைக் குறைக்கலாம் என்று மூன்று யோசனையும் வரும், எடைக்குத்தான் அதிக ஆதரவு இருக்கும். ஒவ்வொரு குழுவும் ஒன்றை எடுத்துச் சோதிக்கட்டும். போய்வருவது சேர்ந்து ஒரு ஆட்டம், 10 ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று எண்ண வேண்டும், ஒற்றை ஆட்டத்தை அளந்தால் கடிகாரத்தை அழுத்தும் பிழையே முடிவை விழுங்கிவிடும். 25 செ.மீ. நூலில் 10 ஆட்டத்துக்குச் சுமார் 10 விநாடி, 1 மீட்டர் நூலில் சுமார் 20 விநாடி. நீளம் 4 மடங்கு, நேரம் 2 மடங்குதான். எடையை மாற்றினால் ஒன்றும் மாறாது, இழுத்துவிடும் தூரமும் மிக அதிகமாகாதவரை மாற்றம் தெரியாது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். எடையைக் கூட்டும்போது பிள்ளைகள் ஒரு எடைக்குக் கீழே இன்னொன்றைத் தொங்கவிடுவார்கள், சங்கிலி மாதிரி. அப்படிச் செய்தால் தொங்கும் இடத்திலிருந்து எடையின் நடுப்பகுதி வரை உள்ள நீளம் கூடிவிடும், ஆட்டம் மெதுவாகும், "எடை கூடினால் மெதுவாகுது" என்று முழு நம்பிக்கையோடு எழுதிக்கொண்டு வருவார்கள். திட்டாதீர்கள். பக்கத்துக் குழு எடைகளை ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டியிருந்தால் முடிவு வேறாக இருக்கும், இரண்டு குழுவையும் எதிரெதிரே நிற்க வைத்து "உங்க ரெண்டு பேர் ஊசலிலும் வேறென்ன வித்தியாசம்?" என்று மட்டும் கேளுங்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை ஸ்கேலை எடுத்து இரண்டையும் அளந்து பார்த்த நாளை நான் மறக்க மாட்டேன். கடைசி வாரச் சவால்: 10 ஆட்டத்துக்குச் சரியாக 15 விநாடி எடுக்கும் ஊசலைச் செய்யுங்கள். விடை 56 செ.மீ. அருகில் வரும், ஆனால் அதைச் சொல்லவே சொல்லாதீர்கள்.

நாள் கணக்கில் நீளும் செயல்பாடு ஒன்று எப்போதும் ஜன்னல் ஓரத்தில் ஓடிக்கொண்டிருக்கட்டும். விதை அதற்கு நல்லது. ஈரப் பஞ்சில் 10 பயறு வெளிச்சத்தில், 10 பயறு மூடிய அலமாரியில், தண்ணீர் இரண்டுக்கும் ஒரே அளவு. இருட்டில் முளைக்கவே முளைக்காது என்றுதான் நிறையப் பேர் சொல்வார்கள். முளைக்கும், அதுவும் வெளிச்சத்தில் இருப்பதைவிட நெடுநெடுவென்று, வெளிறிய மஞ்சளாக வளரும். "இருட்டுதான் செடிக்கு நல்லது" என்று அடுத்த ஊகம் வரும். வரட்டும், விட்டுவிடுங்கள். இன்னும் இரண்டு வாரத்தில் விதைக்குள் இருந்த உணவு தீர்ந்து அவை சாய்ந்து விழும்போது அவர்களே பேசட்டும். ஏன் 10 விதை என்றால், ஒன்று மட்டும் வைத்தால் அது செத்த விதையாக இருந்துவிடலாம். பயறு, அவரை வகைகளையே எடுங்கள், சில செடிகளின் சின்ன விதைகளுக்கு முளைக்கவே வெளிச்சம் வேண்டும், அங்கே குழப்பம் வரும். திங்கட்கிழமை தொடங்குங்கள், வெள்ளிக்கிழமை தொடங்கினால் விடுமுறையில் காய்ந்துபோகும்.

5-ஆம் வகுப்பில் விதையைத் தொடர்ந்து ஒரு கதை சொல்வேன். வான் ஹெல்மாண்ட் என்ற 17-ஆம் நூற்றாண்டு அறிஞர் 200 பவுண்டு காய்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, 5 வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் சுமார் 169 பவுண்டு ஆகிவிட்டது, மண்ணில் குறைந்ததோ வெறும் 2 அவுன்ஸ் அளவுதான். அவர் இறந்த பிறகு 1648-இல் இது அச்சில் வந்தது. இங்கே நிறுத்திவிட்டு, "மிச்ச எடை எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். செடி மண்ணைத்தான் சாப்பிடுகிறது என்று நம்பிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அங்கே தரை நழுவும். தண்ணீரிலிருந்து என்றுதான் ஹெல்மாண்டும் முடிவு செய்தார், பாதி உண்மை. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடிலிருந்துதான் மரத்தின் உடம்பு பெரும்பகுதி உருவாகிறது. வாயுவைக் குறிக்கும் "கேஸ்" என்ற சொல்லையே உருவாக்கியவர் அவர், ஆனாலும் மரத்தின் எடையில் காற்றுக்குப் பங்கு உண்டு என்று அவருக்குத் தோன்றவில்லை. பெரிய அறிஞரும் பாதி தூரம்தான் போனார் என்று கேட்கும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒரு எச்சரிக்கை. பிரபலமான செய்முறைகளோடு வரும் விளக்கங்கள் பலவும் தவறு, அதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே டம்ளரைக் கவிழ்த்தால் தீ அணைந்து தண்ணீர் உள்ளே ஏறும். "காற்றில் ஐந்தில் ஒரு பங்கான ஆக்சிஜன் தீர்ந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது" என்று போட்டிருப்பார்கள். தீ அணையும்போது உள்ளே ஆக்சிஜன் கணிசமாக மிச்சம் இருக்கிறது, எரிந்த ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் உருவாகியிருக்கிறது. முக்கியக் காரணம், தீயால் சூடாகி விரிந்த காற்று அணைந்தபின் குளிர்ந்து சுருங்குவது. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வழி இருக்கிறது: தண்ணீர் எப்போது வேகமாக ஏறுகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள், தீ அணைந்த பிறகுதான். அப்புறம் அதே டம்ளருக்குள் 1 மெழுகுவர்த்திக்குப் பதில் 3 வையுங்கள், தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். ஆக்சிஜன் அதே அளவுதானே இருந்தது? தீப்பெட்டி உங்கள் கையில் மட்டும் இருக்க வேண்டும், பிள்ளைகள் கையை நீட்டினாலும் எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். மெழுகுவர்த்தி ஒன்றை மட்டும் வைத்து மைக்கேல் ஃபாரடே என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1860-61-இல் சிறுவர்களுக்காக லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் 6 சொற்பொழிவு நடத்தினார். ஊதி அணைத்ததும் எழும் வெள்ளைப் புகையில் தீக்குச்சியைக் காட்டினால், திரியைத் தொடாமலே தீ கீழே தாவிப் பற்றும். ஒருமுறை செய்து காட்டுங்கள், எரிவது திரியா மெழுகா என்ற விவாதத்துக்கு அதுபோல் தொடக்கம் வேறில்லை.

மின்சாரத்துக்கு 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று, சின்ன டார்ச் பல்பு ஒன்று, ஒயர் ஒன்றே ஒன்று. இரண்டு ஒயர் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். எப்படி எரியும் என்று முதலில் வரையட்டும். பல்பின் அடிநுனி பேட்டரியின் ஒரு முனையில் உட்கார, ஒயர் மறுமுனையிலிருந்து பல்பின் பக்கவாட்டு உலோகத்தைத் தொட்டால் எரியும். வட்டம் முழுமையாக வேண்டும் என்பது கையாலேயே புரிந்துவிடும். ஒயர் சூடானால் உடனே எடுத்துவிட வேண்டும், அது குறுக்குச் சுற்று, அதாவது மின்சாரம் பல்பு வழியே போகாமல் ஒயரிலேயே ஓடும் ஷார்ட் சர்க்யூட். எல்இடி கொடுத்தால் ஒரு பேட்டரி போதாது, 2 வேண்டும், நீளக் கால் பிளஸ் பக்கம். சுவரில் இருக்கும் மின்சாரம் இந்த விளையாட்டுக்கு இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லியே தொடங்குங்கள்.

பாதுகாப்பில் இன்னும் சில. பட்டன் பேட்டரி வகுப்புக்குள்ளேயே வர வேண்டாம், விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடக் கூடியது. சின்ன, வலுவான நியோடைமியம் காந்தங்களும் அப்படியே, இரண்டை விழுங்கினால் குடலின் சுவர்களை இடையில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். நிழலை அளக்கும் செயல்பாட்டில் யாரும் சூரியனைப் பார்க்கக் கூடாது. பூஞ்சை வளர்த்தால் பையைக் கடைசிவரை திறக்காமலே குப்பைக்கு அனுப்புங்கள். உடைந்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள்.

குழுவுக்கு 4 பேர், அதற்கு மேல் போனால் ஒருவர் வேடிக்கை பார்ப்பார். பொருள் எடுப்பவர், அளப்பவர், எழுதுபவர், சொல்பவர் என்று வேலையைப் பிரித்து, வாராவாரம் மாற்றுங்கள். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. விட்டுவிட்டால் பையன்கள் கருவியைப் பிடிப்பார்கள், பெண் பிள்ளைகள் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருப்பார்கள், வருடம் முழுக்க. டேவிட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 4,807 குழந்தைகளை "ஒரு விஞ்ஞானியை வரை" என்று கேட்டு 1983-இல் வெளியிட்ட முடிவில், பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர், அத்தனை பேரும் பெண் பிள்ளைகள். அந்த எண்ணைப் படித்த பிறகு, கருவி யார் கையில் இருக்கிறது என்று நான் ஒவ்வொரு வகுப்பிலும் பார்க்கிறேன்.

தயாரிப்பு பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எந்தச் செயல்பாட்டையும் அதே பொருள்களை வைத்து வீட்டில் ஒருமுறை முழுதாகச் செய்து, நேரம் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு செருப்புப் பெட்டி, மூடியில் பொருள்களின் பட்டியல், உள்ளே போன தடவை என்ன தவறியது என்ற சீட்டு. வகுப்பில் ஒரு பெரிய சார்ட்டில் பிள்ளைகளின் கேள்விகளை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே, பெயரோடு எழுதுங்கள். அடுத்த மாதம் எதைச் செய்வது என்பதை அந்தச் சார்ட்தான் எனக்குச் சொல்கிறது. ஒரு குழுவின் முடிவு மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகாவிட்டால் அதை ஒதுக்கிவிடாதீர்கள், அளந்தது எப்படி என்று கேட்டுத் திரும்பச் செய்ய வையுங்கள்.

முதல் வாரத்துக்கு, 3-ஆம் வகுப்பிலிருந்து மேலே எல்லோருக்கும் ஐஸ் கட்டியையே எடுங்கள், சின்ன வகுப்புகளுக்கு எறும்பு. ஐஸைப் பள்ளிவரை உருகாமல் கொண்டுவர வேண்டுமே என்று யோசிப்பீர்கள். கெட்டித் துணியில் நன்றாகச் சுற்றிக் கொண்டுவாருங்கள். ஆனால் பிள்ளைகள் வருவதற்கு முன்பே பிரித்துத் துணியை ஒளித்துவிடுங்கள், விடை அந்த மூட்டையிலேயே இருக்கிறது.